பழவேற்காட்டு முகத்துவாரத்தில் ஒரு மே மாத ஞாயிறு

கும்மிடிப்பூண்டியில் நான் வேலை பார்க்கும் இரும்பு வார்ப்பு ஆலையில், உலைப் பிரிவில் இருக்கிறான் சுக்ராம். ஜார்க்கண்டில் சால் மரக் காட்டை ஒட்டிய கிராமம் அவனுடையது. இங்கே வந்து மூன்று வருடமாகியும் கடலைப் பார்த்ததில்லை. தமிழை எங்கள் ஆட்களிடமே கற்றதால் எங்களைப் போலவே பேசுவான். "இன்னாணா, கடலு இவ்ளோ கிட்ட இருக்குது, நாம போனதே இல்லியே" என்றான் ஒருநாள். உலையைப் பழுதுபார்க்க நிறுத்திய மே மாத ஞாயிற்றுக்கிழமையன்று இருவரும் பழவேற்காட்டுக்குக் கிளம்பினோம்.

காலை மின்சார ரயிலில் பொன்னேரிக்கு இருபது நிமிடம்தான். டிக்கெட் பத்து ரூபாயைத் தாண்டாது. நாஷ்டாவை அங்கேயே முடித்துக்கொண்டு பழவேற்காடு பஸ் ஏறினோம். இருபது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு, முக்கால் மணி நேரம் ஆகும். ஜன்னலோரமாக உட்காருங்கள். முதலில் அறுத்த நெல் வயல், அப்புறம் பனை நிற்கும் மணல், கடைசியில் உமரிச்செடி மட்டும் சிவந்து படர்ந்த உப்புச் சேறு. மண்ணில் உப்பு ஏற ஏற செடி மாறுவதைச் சீட்டை விட்டு எழாமலே பார்க்கலாம்.

ஏரிப் பாலத்தைத் தாண்டிக் கடலோரக் குப்பத்துக்கு நடந்தோம். படகெல்லாம் கட்டிக்கிடந்தது. கடைகூட மூடியிருந்தது. இரண்டு பக்கெட் கூழோடு நின்றிருந்த ஒரு பெண்ணிடம் விசாரித்தேன். அவர் பெயர் கஸ்தூரி.

"அல்லாரும் மொவத்துவாரத்துல மண்ணு வெட்டிக்கினு கீறாங்க தம்பி. ஏரி வாய் மூடிப்போச்சு. அங்கதான் கூழு எடுத்துக்கினு போறேன்."

ஆளுக்கொரு பக்கெட்டை வாங்கிக்கொண்டு அவர் பின்னால் போனோம். மணல் மேட்டில் ஏறியதும் கடல் தெரிந்தது. சுக்ராம் பக்கெட்டைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றான். கஸ்தூரி அவசரப்படுத்தவில்லை.

மணலில் முக்கால் மணி நேர நடை. பாடப்புத்தகத்தில் கழிமுகம் என்றால் ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் இடம் என்று படித்திருக்கிறேன். கோடையில், இந்த ஏரியில் வந்து சேரும் ஆரணியாற்றில் தண்ணீர் ஏது. கடலும் உள்ளே வராவிட்டால், ஏரி வெயிலில் வற்றி, கடலைவிட அதிகமாக உப்பேறிவிடுகிறது. கரையோரம் மடவை மீன்கள் செத்து மிதந்தன.

"எங்க ஊர்ல மழை லேட்டானா ஓடை காஞ்சி குட்டை குட்டையா நிக்கும். மீனுங்க அதுல மாட்டிக்கும்" என்றான் சுக்ராம்.

"இங்கயும் அதே கததான்பா" என்றார் கஸ்தூரி. "கடல்ல இப்ப மீன்புடி தடை. ஏரியும் செத்துப்போச்சுன்னா ஊட்ல அடுப்பு எரியாது. வாய் தொறந்தாத்தான் இறாலு குஞ்சு உள்ள வரும்."

முகத்துவாரத்தில் ஆணும் பெண்ணுமாக நிறையப் பேர் வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தார்கள். கஸ்தூரியின் கணவர் ஏழுமலை எங்களை நிழலில் உட்காரச் சொன்னார். அதற்குள் சுக்ராம் ஒரு மண்வெட்டியைக் கையில் எடுத்துவிட்டான். நானும் எடுத்தேன். அரை மணி நேரத்தில் என் கையில் கொப்புளம். உலையில் நின்று பழகிய சுக்ராமுக்கு வெயில் ஒரு பொருட்டாகவே இல்லை.

மதியம், வேலை முடிய இன்னும் கொஞ்சம்தான் என்றிருந்த நேரத்தில் பெரிய அலை ஒன்று ஏறி வந்தது. இரண்டு பக்க மணலும் சரிந்து வாய்க்கால் தூர்ந்தது. ஒருவர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு உட்கார்ந்தார். கஸ்தூரி எல்லோருக்கும் கூழ் ஊற்றினார்.

"சாயங்காலம் கடலு ஏறும்" என்றார் ஏழுமலை. "அதுக்குள்ள இன்னும் அகலமா வெட்டணும்."

மறுபடி வெட்டினோம். வெயில் தாழ்ந்ததும் முதல் நீர் உள்ளே ஓடியது. கணுக்கால் அளவு வந்து, பிறகு முழங்கால் வரை ஏறியது. அப்புறம் தண்ணீரே மணலை அரித்துத் தன் வழியை அகலமாக்கிக்கொண்டது. நடுவில் நின்ற சுக்ராம் குனிந்து பார்த்தான்.

"அண்ணா, காலுக்கு நடுவுல பொடிப்பொடியா என்னமோ போவுது."

கஸ்தூரி பக்கத்தில் வந்து பார்த்தார். "குஞ்சுங்கப்பா" என்றார். பிறகு புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

போக நினைப்பவர்களுக்கு: பூநாரைகளைப் பார்க்க டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நல்லது, மே மாதம் பறவைகள் குறைவு. சுற்றுலாப் படகுச் சவாரிக்கு அனுமதி இல்லை, யார் கூப்பிட்டாலும் ஏறாதீர்கள். கடைசி பஸ் நேரத்தை இறங்கும்போதே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

நேற்று ஏழுமலை போன் செய்தார். மடவை உயிரோடு வலையில் விழுகிறதாம். ஆனால் முகத்துவாரத்தில் மறுபடி மணல் சேர ஆரம்பித்திருக்கிறது. "வர்ற ஞாயித்துக்கெழம வெட்றோம். அந்தத் தம்பிய கூட்டிக்கினு வாங்க" என்றார். சுக்ராம் வருகிறான். நீங்களும் வருவதானால் தொப்பியும் குடிதண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள். மண்வெட்டி அங்கே தருவார்கள்.