பின்னால் போகத் தெரியாத வண்டி

வெஸ் கோர்லே வீட்டை விற்றுவிட்டு பஸ்ஸில் குடியேறியவர். உள்ளே கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் உண்டு. கூடவே மனைவி கோராலி. பஸ்ஸுக்குப் பின்னால் ஒரு டிரெய்லர். அதன்மேல், ஆட்டு மயிர் கத்தரிக்கும் கொட்டகையில் ஒரு காலத்தில் ஓடிய பழைய இன்ஜின். இரண்டு டன் இரும்பு. குளிர்காலம் முழுக்க ஊர் ஊராகப் பழைய இன்ஜின் கண்காட்சிகள் நடக்கும். அங்கே அதைக் கிளப்பிவிட்டுப் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொள்வார். அது இருமிக்கொண்டே ஒரு வாளித் தண்ணீரை இறைத்து அதே வாளியில் கொட்டும்.

"தண்ணி இருந்த எடத்துலயே இருக்கு. நாமதான் அலையிறோம்," என்பாள் கோராலி.

முதலில் சாதாரண டிரெய்லர்தான். அதன் பாரம் பஸ்ஸின் நீண்ட வாலை அழுத்தியதில் முன்சக்கரங்கள் லேசாகிவிட்டன. ஒரு மலை இறக்கத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பியும் பஸ் கேட்கவில்லை. இரும்பாலையில் வெல்டராக இருந்த வெஸ் அதன்பிறகு வேறொன்றைத் தானே செய்தார். நான்கு மூலையிலும் சக்கரம். முன்சக்கரங்கள் இழுவைக் கம்பியோடு சேர்ந்து திரும்பும். கொக்கியில் பாரமே இல்லை. கன்றுக்குட்டி போல் பின்னால் வந்தது.

ஒரே குறை, ரிவர்ஸ் எடுக்க முடியாது. பஸ் ஒரு பக்கம், கம்பி ஒரு பக்கம், டிரெய்லர் இன்னொரு பக்கம் என்று மடங்கிக்கொள்ளும். அதனால் தெரியாத தெரு எதிலும் நுழையும் முன் கோராலி இறங்கி நடந்துபோய், திரும்ப இடம் இருக்கிறதா என்று பார்ப்பாள். இருந்தால் கையை உயர்த்துவாள். பல வருடங்கள் அப்படித்தான். இப்போது அவள் முழங்கால் போய்விட்டது.

இந்த வருடம் எங்கள் ஊருக்குள் வரும்போது அவள் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்த வெஸ் அவளை இறக்காமலே கடலோரத் தெருவில் பஸ்ஸைத் திருப்பிவிட்டார். தெரு, படகு இறக்கும் சரிவில் போய் முடிந்தது. இரண்டு பக்கமும் சேறு. பின்னால் படகுகளோடு வண்டிகள் வந்து நின்றன. என்னுடையதும் அவற்றில் ஒன்று.

"யோவ் பெரியவரே, ரயில தண்டவாளத்துல விடுங்க!" என்று ஒருவன் கத்தினான்.

"கொஞ்சம் பொறுங்கப்பா," என்றார் வெஸ். பொறுத்து என்ன ஆகப்போகிறது என்று அவருக்கும் தெரியவில்லை.

சிப்பி வளர்க்கும் மனோலி டிராக்டரைக் கொண்டுவந்தான். கொக்கியைக் கழற்றி, டிரெய்லரை டிராக்டரின் மூக்கில் மாட்டி, அங்குலம் அங்குலமாகப் பின்பக்கம் தள்ளினான். கோராலி பஸ் படியில் உட்கார்ந்திருந்தாள்.

"என்னை ஏன் இறக்கிவிடல?"

"உன் கால்..."

"கால் என்னுதுதானே? நான் சொல்லிக்க மாட்டேனா?" குரலை உயர்த்தவில்லை; உயர்த்தத் தெம்பும் இல்லை. "என்னால முடியல கிழவா. என்னை அக்கா வீட்டுல விட்டுட்டு, நீயும் உன் இன்ஜினும் போங்க."

டிரெய்லர் சேற்றைத் தாண்டும்வரை வெஸ் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மனோலியிடம், "உன் ஷெட்டுல இடம் இருக்கா?" என்றார்.

"எத்தனை நாளைக்கு?"

"நீயே வச்சுக்கோ. மாசத்துக்கு ஒருக்கா கிளப்பிவிடு. இல்லன்னா இறுகிப்போயிடும்."

"என் பொண்டாட்டி என்னையும் சேர்த்து ஷெட்டுல போட்டுடுவா," என்றான் மனோலி. ஆனாலும் ஷெட் கதவைத் திறந்தான்.

மறுநாள் காலை பஸ் மட்டும் கிளம்பியது. மனோலியின் ஷெட்டைத் தாண்டியபோது வெஸ் திரும்பிப் பார்க்கவில்லை. முனையில் ஒரு மண்பாதை பிரிந்தது. பஸ் நின்றது. கதவு திறந்து, கோராலியின் கால் ஒன்று பழக்கத்தில் கீழே வந்தது.

"உள்ள வை காலை. முட்டுச்சந்தா இருந்தா பின்னாடி வந்துக்கலாம்," என்றார் வெஸ்.

கால் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு உள்ளே போனது. கதவு மூடிக்கொண்டது.