எட்டு நிமிடமும் என் ஒரு வரியும்

1. படம் வந்த கதை

மண்டபமே மூச்சுக் காட்டாமல் படம் பார்த்துக்கொண்டிருந்தது. அதை மொழிபெயர்த்த நான் மட்டும் கொட்டாவியை அடக்கிக்கொண்டிருந்தேன்.

வவுனியாவில் கச்சேரி என்கிற மாவட்டச் செயலகத்துக்குக் கிட்ட முப்பது வருடத்துக்கு மேல் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளராக இருந்தவன் நான். பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, பொலிஸ் முறைப்பாடு எல்லாவற்றையும் சிங்களத்திலிருந்து தமிழுக்கும், தமிழிலிருந்து சிங்களத்துக்கும் மாற்றி, ‘உண்மையான மொழிபெயர்ப்பு’ என்று முத்திரை குத்துவேன். ஒரு சொல் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. வழக்கென்று வந்தால் கூண்டில் ஏறப்போவது நான்தான்.

ஓய்வெடுக்க யோசித்திருந்த நேரம் விரிவுரையாளர் வாசுகி வந்தார்.

“சேர், உலகமே தலையில வைச்சுக் கொண்டாடுற பழைய படம். எங்கட சனம் ஒருக்காலும் பாக்கேல்லை, மண்டபத்தில போட்டுக் காட்டப்போறம். படத்துக்குக் கீழ ஓடுற வசனம் சிங்கள ஃபைலாத்தான் கிடைச்சது. நீங்கள்தான் தமிழாக்கித் தரவேணும்.”

போட்டுப் பார்த்தேன். வேலைக்குப் போன மகன் திரும்பவில்லை. தாய் வாசலில் இருந்து தெருவைப் பார்க்கிறாள். எட்டு நிமிடம் அப்படியே பார்க்கிறாள். சும்மா சொல்லக்கூடாது, வெளிச்சம் வடிவாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அழுகையும் இல்லை, கோபமும் இல்லை. என்னில்தான் பிழையோ என்று மூன்று தரம் பார்த்தேன். மூன்றாம் தரம் நித்திரை கொண்டுவிட்டேன்.

2. வெறும் கட்டம்

எங்கள் தொழிலில் ஒரு கட்டாயம் உண்டு. மூலத்தில் ஒரு கட்டம் வெறுமையாக இருந்தால் அதை அப்படியே விடக்கூடாது. பிந்தி யாராவது எதையாவது எழுதிவிடுவார்கள். ‘இவ்விடம் நிரப்பப்படவில்லை’ என்று எழுதி முடிக்கவேண்டும்.

அந்த வரியை நான் அதிகம் எழுதியது கனகராயன்குளத்துப் புவனம் அக்காவுக்காக. காணாமல்போன மகனைப் பற்றிய சிங்களப் படிவத்தை வருடா வருடம் தமிழாக்கக் கொண்டுவருவார். ‘இறந்த திகதி’ என்ற கட்டத்தை மட்டும் நிரப்பமாட்டார். “ஒரு திகதியைப் போடுங்கோ, அலுவல் கெதியா முடியும்” என்று கச்சேரிக் கந்தோரில் எத்தனையோ பேர் சொல்லிவிட்டார்கள். மனிசி அசையவில்லை.

பட ஃபைலில் அந்த எட்டு நிமிடத்துக்கு நேரம் மட்டும் போட்டிருந்தது, வசனம் இல்லை. கை பழக்கத்தில் எழுதிவிட்டது.

3. மண்டபத்தில்

ஞாயிறு பின்னேரம் படம். முத்திரையும் கையோடு இருந்ததால் புவனம் அக்காவையும் படிவத்தோடு அங்கேயே வரச் சொல்லியிருந்தேன். அவர் என் பக்கத்துக் கதிரையில் இருந்தார்.

அந்தக் காட்சி வந்தது. தாயின் முகத்துக்குக் கீழே எட்டு நிமிடமும் நின்றது என் வரி: ‘இவ்விடம் நிரப்பப்படவில்லை.’

ஐயோ கடவுளே! சுற்றிப் பார்த்தால் ஒருவரும் சிரிக்கவில்லை. இரண்டொருவர் மூக்கை உறிஞ்சினார்கள். படம் முடிய ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் மைக்கைப் பிடித்தார்.

“அந்த ஒரு வசனமே காணும், வேற ஒண்டும் வேண்டாம். மேதையெண்டால் இந்தப் படத்தை எடுத்தவன்தான் மேதை!”

பொறுக்கமுடியாமல் எழும்பினேன்.

“அது படத்தில இல்லை ஐயா. நான் போட்ட குறிப்பு. என்ர பிழை.”

கை தட்டினார்கள்! “சேரின்ர தன்னடக்கத்தைப் பாருங்கோ” என்றார் வாசுகி. பிழையைப் பிழை என்று சொன்னால் கை தட்டுகிற சனத்தை நான் நீதிமன்றத்தில்கூடக் கண்டதில்லை. படம் நல்லதா, வரி நல்லதா, எனக்குத்தான் மண்டை கழன்றுவிட்டதா என்று விளங்காமல் இருந்தேன்.

புவனம் அக்கா மெல்லக் கேட்டார்.

“தம்பி, அது என்ர படிவத்தில நீங்கள் எழுதுற வரிதானே?”

“ஓம் அக்கா.”

“அந்த மனிசி எட்டு நிமிசம்தான் இருந்தவாவோ?”

“ஓம்.”

“பிறகு மகன் வந்தவனோ?”

“அதைக் காட்டேல்லை.”

“அப்ப என்னத்துக்குப் படம் எடுத்தவங்கள்?”

அவர் பையிலிருந்து படிவத்தை எடுத்து என் மடியில் வைத்தார்.

“இந்தமுறையும் அதையே எழுதுங்கோ தம்பி. வடிவா, கட்டம் முட்ட எழுதுங்கோ. ஆரும் பிந்தி ஒரு திகதியை நிரப்பிப்போட்டால் என்ர பிள்ளை செத்துப்போவான்.”

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். வெறும் கட்டத்தை ஒருபோதும் வெறுமனே விடாதீர்கள். ஏன் என்று எனக்கே முப்பது வருடம் சென்றுதான் தெரிந்தது. அந்தப் படத்தைப் பற்றிக் கேட்டால், இன்றைக்கும் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. ஆனால் அன்று அந்த மூன்று அங்குலக் கட்டத்தில் அதே வரியை எழுதிமுடிக்க எனக்குக் கனநேரம் எடுத்தது. எட்டு நிமிடத்துக்கும் மேலே இருக்கும்.