இரண்டு பேர் வண்டிக்கு என்ன விலை

என் மனைவியின் தம்பி அந்த வண்டிக்குப் பதினெட்டாயிரம் ரூபாய் விலை சொன்னான். நியாயம்தானா என்று என்னிடம் கேட்டான். வாங்கின விலை, லாரி வாடகை, பாகங்கள், பெயிண்ட், அவனுடைய கூலி, கடைசியில் கொஞ்சம் லாபம் என்று எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துவிட்டு, நானூறு ரூபாய் அதிகம் என்றேன். அந்த நானூறுக்காக அரை மணி நேரம் என்னோடு சண்டை போட்டான். எங்கள் இருவரில் யார் பெரிய மடையன் என்று இன்றுவரை என்னால் தீர்மானிக்க முடியவில்லை.

அது எழுபதுகளின் கடைசி. கொச்சி மட்டாஞ்சேரியில் மிளகும் சுக்கும் ஏற்றுமதி செய்கிற ஒரு பண்டகசாலையில் நான் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். மச்சினன் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து எங்களிடம் வந்து, ஒரு ஒர்க்‌ஷாப்பில் டிங்கரிங் வேலைக்குச் சேர்ந்திருந்தான். நசுங்கிய தகரத்தைத் தட்டி நிமிர்த்துகிற வேலை. ஒன்பது வருடமாகத் தட்டிக்கொண்டிருந்தான்.

வண்டி, மூணாறுப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வெள்ளைக்கார மேனேஜர் விட்டுவிட்டுப் போனது. இங்கிலாந்தில் செய்த ஸ்போர்ட்ஸ் கார். கூரை கிடையாது, இரண்டு பேர்தான் உட்காரலாம். அதில் கோழி அடைந்துகொண்டிருந்தது. ஆயிரத்து எண்ணூறுக்கு வாங்கி லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து, எங்கள் வீட்டுப் பக்கத்திலிருந்த தகரக் கொட்டகையில் நிறுத்தினான். மூன்று வருடத்து ஞாயிற்றுக்கிழமைகளும் சம்பளத்தில் பாதியும் அதற்குள் போயின.

தோப்பும்படிச் சாலையோரம் ஒரு ஷெட் காலியாக இருந்தது. பன்னிரண்டாயிரம் அட்வான்ஸ் கொடுத்தால் அவனுடைய சொந்த ஒர்க்‌ஷாப். சித்திரை விஷு வரை பொறுப்பேன், அப்புறம் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று ஷெட்காரர் சொல்லியிருந்தார். வண்டி விற்றால் ஷெட், விற்காவிட்டால் ஆயுசு முழுக்க அடுத்தவன் பட்டறையில் சுத்தியல். அவனுக்கு இருந்த வழி அவ்வளவுதான்.

எங்கள் பண்டகசாலையில் ஒரு விதி உண்டு. வந்த மிளகைச் சலித்து, காம்பும் தூசும் பதரும் போக்கிக் கறுப்பாக மினுங்க வைத்தால் விலை கூடும். அழுக்கு போகப் போக விலை ஏறும். இந்த ஒரு விதியை வைத்துத்தான் மட்டாஞ்சேரிக் கடைவீதியே சாப்பிட்டது. வண்டிக்கும் அதுதான் விதி என்று நாங்கள் இருவரும் நினைத்தோம்.

ஆகையால் பழசையெல்லாம் கழற்றிப் போட்டான். தோல் வெடித்த இருக்கைகள் இரண்டு, வளையம் பிளந்து கம்பி சுற்றிய ஸ்டியரிங் ஒன்று, கண்ணாடி மஞ்சளித்த மீட்டர்கள் ஐந்து, ஹெட்லைட் இரண்டு, முன்பக்கத்து கிரில் ஒன்று. பதினொரு உருப்படி எங்கள் முற்றத்தில் கிடந்தன. அவற்றுக்குப் பதிலாகச் சிவப்பு ரெக்சின் இருக்கைகளைத் தானே தைத்துப் போட்டான். அம்பாசடர் ஸ்டியரிங், ஜீப் மீட்டர் என்று எல்லாம் புதுசு.

"ஏலே, இந்தக் குப்பைய எப்ப எடுக்கப் போற? துணி காயப்போட இடமில்ல" என்று என் மனைவி தினமும் கத்துவாள்.

"கெடக்கட்டும்க்கா, சோறா கேக்குது?"

முற்றத்தில் வெயில் விழுகிற ஒரே மூலையை ஓர் இருக்கை பிடித்துக்கொண்டிருந்தது. அவள் அதன் மேலேயே மோர் மிளகாய் காயப் போட்டாள். இரண்டு கோடைகளில் மோர் ஊறி ஊறித் தோலில் ஒரு பெரிய வெள்ளைத் திட்டு விழுந்து, ஓரம் பழுப்பேறிவிட்டது. கடைசியில் ஒரு நாள், தெருவில் வந்த பழைய இரும்புக்காரனைக் கூப்பிட்டு மச்சினனே பதினொன்றையும் எடைக்குப் போட்டான். முப்பத்தாறு ரூபாய் கிடைத்தது. அதில் என் மனைவி ஓர் இட்லிக் கொப்பரை வாங்கினாள்.

வண்டி மினுங்கியது. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் தெருக்கோடி அரிசி வியாபாரி, உடம்பு பெருத்தவர், வண்டியைச் சுற்றி வந்துவிட்டு, "எடே, என் வீட்டுக்காரிய ஏத்தினா நான் எங்கடே உட்கார? பானட்டு மேலயா?" என்றார். அவரோடு வந்தவர், "எடவப்பாதி மழையில இதுக்குள்ள வள்ளம் விடலாம், அல்லே?" என்றார். நான்கு மாதத்தில் ஒரே ஒருவர்தான் விலை பேசினார். இன்ஜினை மட்டும் பிடுங்கித் தன் படகில் மாட்டுவதற்காக ஐந்தாயிரம் தருவதாகச் சொன்னார்.

விஷுவுக்கு எட்டு நாள் இருக்கும்போது, யூதர் தெருவான ஜூ டவுனுக்கு ஓட்டிக்கொண்டு போனோம். பழைய சாமான் விற்கிற ஒரு கடைக்காரர் வாங்கக்கூடும் என்று யாரோ சொன்னார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கடைவீதியைத் தாண்டுவதற்குள் நான்கு பேர், மாப்பிள்ளை யார், பெண் யார் என்று கேட்டார்கள்.

கடைக்காரர் பானட்டைத் திறக்கச் சொல்லவில்லை. குனிந்து இருக்கையை மோந்து பார்த்தார். விரலால் பெயிண்டைத் தடவினார்.

"வேல கொள்ளாம். நல்ல கை உனக்கு. இதுல பழசு எவ்வளவு இருக்கு, தம்பி?"

"பழசே கெடையாது முதலாளி. எல்லாம் மாத்தியாச்சு" என்றான் மச்சினன். நெஞ்சு நிமிர்ந்திருந்தது.

"பின்னே எதுக்கு என்கிட்ட கொண்டுவந்தே? புதுசு விக்கிற கட எர்ணாகுளத்துல இருக்குதல்லோ. வா, உனக்கு ஒண்ணு காட்டறேன்."

கடைக்குள் கூட்டிப் போனார். ஒரு பித்தளைக் குத்துவிளக்குக்கும் கப்பல் கடிகாரத்துக்கும் நடுவில் எங்கள் வீட்டு முற்றம் இருந்தது. ஸ்டியரிங் சுவரில் தொங்கியது, கம்பியைக்கூட அவிழ்க்கவில்லை. மீட்டர் ஐந்தும் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள். நான் எண்ணினேன். பதினொன்றும் இருந்தன.

"பழைய இரும்புக்காரன் கொண்டுவந்தான். இந்தச் சீட்டைப் பாரு" என்று வெள்ளைத் திட்டில் கை வைத்தார். "வெள்ளக்கார சாயிப்பு உக்காந்து உக்காந்து விழுந்த தடம். நாப்பது வருஷம் ஆனாத்தான் தோலு இப்படி ஆகும்."

"அது எங்கள் வீட்டு மோர் மிளகாய்க் கறை" என்றேன்.

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "அத வெளிய சொல்லாதீங்க சாரே. சொன்னா வில குறையும். நஷ்டம் உங்க மச்சானுக்குத்தான்."

பிறகு விலை சொன்னார். இருக்கிறபடியே வண்டிக்கு ஒன்பதாயிரம். பழைய பாகங்களோடு என்றால் பதினாறாயிரம். பாகங்களை அவரிடமே வாங்கிக்கொள்ளலாம், ஏழாயிரம்.

மச்சினன் என் கையைப் பிடித்தான். "அத்தான், பதினாறு சொல்லுதாரு! எடுத்துருவமா?"

"பதினாறில் ஏழு போனால்?" என்றேன்.

அவன் உதடு அசைந்தது. கையை விட்டுவிட்டான்.

எப்படிக் கூட்டினாலும் ஒன்பது. அவன் கையிலிருந்து போட்ட பணம் மட்டும் எட்டாயிரத்து எழுநூறு. மூன்று வருடத்துக்கு மிச்சம் முந்நூறு ரூபாய்.

"பன்னெண்டு குடுங்க முதலாளி. ஷெட்டு அட்வான்சுக்கு அவ்வளவு வேணும். விஷுவுக்குள்ள கட்டலைன்னா போயிரும்."

தன் அவசரத்தை வாங்குகிறவனிடம் சொன்ன பிறகு விலை ஏறியதை நான் பார்த்ததில்லை. கடைக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உன் ஷெட்டுக்கு நான் எதுக்கு வில கொடுக்கணும் தம்பி? நான் வாங்கறது வண்டியல்லோ."

"அவனுடைய மூன்று வருட உழைப்புக்கு ஒன்றும் இல்லையா?" என்று நான் கேட்டேன்.

"சாரு மிளகுக் கம்பெனிதானே? கொடியில ஏறிப் பறிச்சவன் எத்தன நாள் ஏணியில நின்னான்னு கேட்டா நீங்க வில போடறீங்க?"

இல்லை. கேட்டதே இல்லை.

மச்சினன் ஒன்பதாயிரத்தை வாங்கிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கினான். கடைக்காரர் திரும்பக் கூப்பிட்டார்.

"தம்பி, இந்தப் பழசெல்லாம் திரும்ப மாட்டணுமே. வேற ஆள் தொட்டா கெட்டுப்போகும். நீ கழட்டினது, நீயே மாட்டு. தினக்கூலி எவ்வளவு?"

"பதினெட்டு."

"பதினஞ்சு."

நான்கு நாள் வேலை. முதல் மூன்று நாளில் ரெக்சினைக் கழற்றி, வெடித்த தோலை மாட்டினான். நான்காம் நாள் மத்தியானம் நான் சோறு கொண்டுபோனேன். கடைக்குப் பின்னால் உப்புத்தாளால் பெயிண்டின் மினுக்கத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தான். மூன்று கோட் அடித்ததும் அதே கைதான்.

"எவ்வளவு தேய்க்கணும் முதலாளி?"

"ஒரு இருபது வருஷம் தேய்ச்சுக்கோ" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. "கூடிப்போகாம பாத்துக்கோ. கூடினா துரு பிடிச்ச வண்டின்னு நினைப்பாங்க."

கணக்குத் தீர்க்கும்போது கடைக்காரர் அறுபதுக்குப் பதில் ஐம்பதுதான் கொடுத்தார். கழற்றிய புது இருக்கைகளை அவனே எடுத்துக்கொள்ளலாமாம், அதற்குப் பத்து ரூபாய். மச்சினன் இரண்டையும் கைவண்டியில் ஏற்றினான்.

ஷெட்காரரிடம் ஒன்பதாயிரத்தோடு போய் நின்றான். மீதியைத் தவணையில் தருவதாகச் சொன்னான். ஷெட்காரர் விஷு வரை பொறுத்தார், வாக்கு மாறவில்லை. மறுநாள் டயர்க்காரர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டார். மச்சினன் பழைய பட்டறைக்கே போனான். இடையில் நாலு நாள் லீவு எடுத்ததற்கு அங்கே சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள்.

மழைக்கு முன்பே வண்டி பம்பாய்க்காரர் ஒருவருக்கு விலைபோனது. எவ்வளவுக்கு என்று நான் விசாரிக்காமல் இருக்க முடியுமா? சாயாக் கடையில் பார்த்துக் கேட்டேன். கடைக்காரர் ஒளிக்கவில்லை. இருபத்திரண்டாயிரம். வாங்கினவர் அந்தக் கறை பிடித்த இருக்கையில் உட்கார்ந்து பார்த்த பிறகு பேரமே பேசவில்லையாம்.

வீட்டுக்கு வந்து மச்சினனிடம் சொன்னேன். நீ கேட்ட பதினெட்டு அதிகமில்லை, என் கணக்குத்தான் தப்பு என்றேன்.

"அத்தான்" என்றான், "இனிமே எனக்கு எதையும் எண்ணிச் சொல்லாதிய."

சிவப்பு இருக்கைகளை வாங்க யாரும் வரவில்லை. பழைய இரும்புக்காரன் தூக்கிப் பார்த்துவிட்டு, எடையில்லை என்று கீழே போட்டுவிட்டுப் போனான். அடுத்த கோடையில் என் மனைவி அவற்றின் மேல் மோர் மிளகாய் காயப் போட்டாள். ரெக்சினில் கறை பிடிக்கவில்லை. ஈரத்துணியால் துடைத்ததும் போய்விட்டது.