மாஸ்டர் சரிபார்க்காத முடிச்சு

அந்தப் பாய்மரப் படகுக்குள் முழுதாக நிமிர்ந்து நிற்க ஒரே ஒரு இடம்தான் உண்டு. ஏணிக்குக் கீழே, அடுப்புக்குப் பக்கத்தில். அங்கே ஒருவர் நின்றால் மற்றவர் உட்கார்ந்தாக வேண்டும். மாஸ்டர் டீ போட எழுந்தால் அக்கா பலகையில் முழங்காலை மடக்கிக்கொள்வார். அக்கா சமைக்க எழுந்தால் மாஸ்டர் மேல்தளத்துக்குப் போய்விடுவார். படுக்கை படகின் மூக்குப் பக்கம், முக்கோணமாக இருக்கும். தலைமாடு அகலம், கால்மாடு குறுகல் என்பதால் நாலு காலும் ஒரே மூலையில் போய் முட்டிக்கொள்ளும். கழிப்பறையில் கைப்பம்பு அடித்தால் படகு முழுக்கக் கேட்கும். இத்தனை வருஷக் குடித்தனத்தில் தெரியாமல் இருந்த சில விஷயங்கள் இருவருக்கும் இங்கே வந்துதான் தெரிந்தன. தெரியாமலே இருந்திருக்கலாம்.

மாஸ்டர் என்றால் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். அவர் வண்டியில் அவர் காலடியிலும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் இருக்கும். கற்றுக்கொள்ள வந்தவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பார், மாஸ்டர் உயிரைக் கையில் பிடித்திருப்பார். வேலைக்காலம் முழுக்க வண்டியிலேயே உட்கார்ந்திருந்தும் ஓட்டியதெல்லாம் அடுத்தவர் கைதான். ஓய்வு பெற்றதும், ரோடும் சிக்னலும் ஹாரனும் இல்லாத ஏதாவது ஒன்றைத் தன் கையால் ஓட்டிவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்தது. ஆசையில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

அக்கா நடத்தியது பெண்களுக்கான பார்லர். பஸ் ஸ்டாப்புக்கு நேர் எதிரே, எந்நேரமும் கூட்டம். யாருக்குக் கல்யாணம் நிச்சயமானது, யாருடையது முறிந்தது, மாமியார் என்ன சொன்னார், மருமகள் என்ன சொல்லாமல் விட்டாள் எல்லாம் முதலில் அங்கேதான் வந்து சேரும். தெருவில் பாதிப் பேருக்கு அவருடைய சொந்தப் பெயர் தெரியாது. பார்லர் அக்கா என்றால் போதும். பேசிக்கொண்டே வெட்டுவார். பேச்சு நின்றால் கத்தரியும் நின்றுவிடும் என்று அங்கே வேலை பார்த்த பெண்கள் கிண்டல் செய்வார்கள்.

ஒரு வருஷம் போய் வருவோம் என்றுதான் மாஸ்டர் கேட்டார். நடுக்கடலுக்கெல்லாம் போகப் போவதில்லை, கரையை ஒட்டியே போவோம், கரை எப்போதும் கண்ணில் படும் என்றார். அக்காவை யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லை. சரி என்று சொன்னது அவர் வாய்தான். பார்லரைத் தன்னிடம் வேலை பார்த்தவளிடமே கொடுத்தார். வீட்டுக்கு ஒரு குடும்பம் வாடகைக்கு வந்தது. ஒரு வருஷம் முடிந்தபோது இன்னும் ஒரு வளைவு பார்த்துவிடலாம் என்றார் மாஸ்டர். அப்புறம் இன்னொன்று. கரைக்கா வளைவுக்குப் பஞ்சம்?

கரை கண்ணில் படும் என்று சொன்னது பொய்யில்லை, கொடுமையே அதுதான். நங்கூரம் போட்ட இடத்திலிருந்து பார்த்தால் ஏதோ ஒரு ஊரின் பஸ் திரும்பும். பெண்கள் பையைத் தூக்கிக்கொண்டு நின்று பேசுவார்கள். ஒருத்தி சிரித்தால் தோள் குலுங்குவது தெரியும், சிரிப்பு கேட்காது. சத்தம் போன டிவி மாதிரி. குடிதண்ணீர்த் தொட்டி சின்னது என்பதால், ஊர்ப் பெண்கள் தலையையெல்லாம் அலசிவிட்டவர் தன் தலையை ஒரு குவளைத் தண்ணீரில் அலசிக்கொண்டார்.

இதற்கெல்லாம் மேலே மாஸ்டரின் கை. அவர் கெட்டவர் இல்லை, கத்துகிறவரும் இல்லை. ஆனால் அக்கா எதைச் செய்தாலும் அதன் மேல் ஒரு தடவை அவர் செய்தாக வேண்டும். அக்கா மூடிய ஜன்னலை அழுத்திப் பார்ப்பார். அணைத்த அடுப்பை அணைப்பார். கட்டிய கயிற்றை அவிழ்த்து, அதே மாதிரி திரும்பக் கட்டுவார். தொழில் தோஷம். ஆரம்பத்தில் அக்கா முடிச்சுகளை ஒழுங்காகக் கற்றுக்கொண்டு கட்டினார். அவிழ்க்கப் போகிற முடிச்சை எதற்கு முடிக்க வேண்டும்? போகப் போக, கயிற்றை இரும்புக் கொம்பில் இரண்டு சுற்று சுற்றிவிட்டுத் திரும்பிவிடுவார். மிச்சம் மாஸ்டருடையது. இப்படி ஒரு ஏற்பாடு இருக்கிறது என்று இருவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சரியாகச் சொன்னால், மாஸ்டருக்கு அது தெரியவே தெரியாது.

இன்ஜினுக்குத் தண்ணீர் இழுக்கிற பம்ப் பழுதாகி, ஒரு விரிகுடாவில் தங்கும்படி ஆயிற்று. மாற்றுச் சாமான் வெளியூரிலிருந்து வர வேண்டும். மாஸ்டர் அதை விசாரிக்கக் கடைக்குள் போன நேரத்தில், எதிர் வரிசையில் ஒரு பார்லர் அக்காவின் கண்ணில் பட்டது. வாசலில் ‘ஆள் தேவை’ என்று ஓர் அட்டை. கால் தானாக உள்ளே போனது. கடைக்காரம்மா கழுத்தில் கண்ணாடியைத் தொங்கவிட்டிருந்தார். படகில் வந்திருப்பதாக அக்கா சொன்னதும் வேறு பேச்சு எதுவும் இல்லை, காத்திருந்த ஒரு பெண்ணின் தலையை அப்படியே அக்காவிடம் ஒப்படைத்தார். வெட்டி முடித்ததும் இரண்டு பக்கமும் குனிந்து பார்த்தார்.

“கை நல்லாத்தான் இருக்கு. ஆனா படகுக்காரங்களை நம்ப முடியாதும்மா. இன்னைக்கு இருப்பீங்க, நாளைக்குப் பாயை விரிச்சிடுவீங்க. இன்னொரு பொண்ணும் கேட்டிருக்கா. நாளைக்குக் கடை திறக்கும்போது நீ வந்து நின்னா, நாற்காலி உனக்கு.”

கடைக்கு மேலே ஓர் அறை இருப்பதையும் அவரே சொன்னார். கடை போன் நம்பரை வாங்கிக்கொள்ள அக்காவுக்குத் தோன்றவில்லை.

படகுக்குத் திரும்புகிற வழியில், கரைக்குப் போய்வரும் சின்ன ரப்பர் படகில் வைத்து விஷயத்தைச் சொன்னார். சின்ன மோட்டாரின் இரைச்சலில் எதையும் கத்தித்தான் சொல்ல வேண்டும். மனசு விட்டுப் பேசுவதற்கு அது தோதான இடமில்லை. எங்கே தங்குவாய் என்றார் மாஸ்டர். அக்கா சொன்னார். அப்படியானால் நான் என்ன செய்வது என்றார் மாஸ்டர். நீங்கள் ஓட்டுங்கள், அதற்குத்தானே வாங்கினீர்கள் என்றார் அக்கா. கொஞ்ச தூரம் போனதும் மாஸ்டர் சுதாரித்துக்கொண்டார். காலையில் அவரே கொண்டுபோய் விடுவாராம், கடைக்காரம்மாவிடம் அவரே பேசுவாராம், அறையின் தாழ்ப்பாளை அவரே பார்த்துவிட்டு வருவாராம்.

“என்னங்க, நான் ஒரு காரியம் செஞ்சா அதை அப்படியே விடவே மாட்டீங்களா? உங்க கால் எப்பவும் பிரேக்லயே இருக்கு. வண்டியே ஓடாத இடத்துலகூட.”

மாஸ்டர் ரப்பர் படகின் மூக்கைத் தங்கள் படகுப் பக்கம் திருப்பினார். பிறகு, “சரி. இனி தொட மாட்டேன்” என்றார்.

சொன்னதைச் செய்தார். படகில் ஏறியதும் அக்கா வழக்கம்போல் ரப்பர் படகின் கயிற்றைக் கொம்பில் இரண்டு சுற்று சுற்றினார். மாஸ்டர் பக்கத்தில் வந்து நின்று அதைப் பார்த்தார். கை நீண்டது. அதை மடக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கீழே இறங்கிப் போய்விட்டார். கோபம் போல என்று அக்கா நினைத்துக்கொண்டார். இரண்டு சுற்றுக்கே பழகிய அக்காவின் கைக்கு அந்த வேலை அத்தோடு முடிந்திருந்தது.

விடிந்தபோது ரப்பர் படகைக் காணோம்.

காற்றும் இல்லை. தண்ணீர் எண்ணெய் தடவினாற்போல் கிடந்தது. பாயை ஏற்றினால் துணி காயப்போட்ட மாதிரிதான் இருக்கும். இன்ஜின் செத்துக் கிடந்தது. எதிரே ஊர். பால் வண்டி வந்து போனது. பார்லரின் ஷட்டர் இன்னும் மூடியிருப்பது இங்கிருந்தே தெரிந்தது. அக்கா பையைத் தோளில் மாட்டியபடி வெறும் கொம்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். நீந்தலாம். நீந்திப் போய்ச் சேர்ந்தால் யார் தலையை யார் துவட்டுவது?

மாஸ்டர் ஏறி வந்தார், பார்த்தார், உட்கார்ந்தார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது அக்காவுக்கு.

“வயர்லெஸ்ல கூப்பிடுங்க” என்றார் அக்கா.

மாஸ்டர் தயங்கினார். அந்த விரிகுடாவில் நிற்கிற எல்லாப் படகும் ஒரே சேனல். ஒருவர் பேசினால் அத்தனை பேரும் கேட்பார்கள், அதுவும் காலையில் வேறு பொழுதுபோக்கு கிடையாது. போன வாரம்தான் அங்கிருந்த தம்பதிகளைக் கூட்டி உட்காரவைத்துக் கயிறு கட்டப் பாடம் எடுத்திருந்தார். அக்கா மறுபடி சொல்ல வேண்டியிருக்கவில்லை. தோளில் பை இருந்தது, மாஸ்டர் அதைப் பார்த்தார். கீழே இறங்கி மைக்கை எடுத்தார்.

பக்கத்துப் படகிலிருந்து பல் டாக்டர் குரல் கொடுத்தார். தொழிலை விட்டு வந்தும் அவரை எல்லோரும் டாக்டர் என்றும், ஊசிகூடப் பிடித்திராத அவர் மனைவியை டாக்டரம்மா என்றும்தான் கூப்பிட்டார்கள். ரப்பர் படகு போய்விட்டது, என் மனைவி அவசரமாகக் கரைக்குப் போக வேண்டும் என்றார் மாஸ்டர்.

“அட, உங்க முடிச்சா மாஸ்டர் அவிழ்ந்துச்சு?” டாக்டரின் குரலில் சிரிப்பு இருந்தது.

“ஆமா டாக்டர். நான்தான் சரியா கட்டல.”

அக்காவுக்கு அந்த நிமிஷம் உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நல்ல மனசோடு சொன்ன பொய்தான் அது. பெண்டாட்டியை ஊர் சிரிக்கக்கூடாது என்று சொன்னது. ஜன்னல், அடுப்பு, கயிறு என்று வந்து, கடைசியில் அக்கா செய்த தப்பைக்கூட விட்டுவைக்கவில்லையே. ஏணியில் இறங்கினார். நிற்கிற இடத்தில் அவர் வந்து நின்றதால் மாஸ்டர் உட்கார வேண்டியதாயிற்று. அதுவரை தொட்டிராத மைக்கை அக்கா வாங்கிக்கொண்டார்.

“டாக்டர், நான் பேசறேன். கட்டினது நான். ரெண்டு சுத்து சுத்தி அப்படியே விட்டுட்டேன். எப்பவும் அப்படித்தான் விடுவேன், பின்னாலேயே வந்து இவர் கட்டுவார். நேத்து கட்டாதீங்கன்னு நான் சொன்னேன், கட்டல. எனக்கு இந்த ஊர்ல வேலை கிடைச்சிருக்கு, கடை திறக்கறதுக்குள்ள போகணும். யாராவது வாங்க.”

யாரும் சிரிக்கவில்லை. பிறகு டாக்டரம்மாவின் குரல், “வரேன், இரும்மா” என்றது.

மாஸ்டர் உட்கார்ந்தபடியே நிமிர்ந்து பார்த்தார். “எப்பவுமேவா?”

“எப்பவுமேதான்.”

இத்தனை நாள் தான் சரிபார்த்தது எதை என்று அவர் யோசிப்பது முகத்தில் தெரிந்தது. அக்காவுக்கு இரக்கம் வந்தது. இரக்கப்பட்டு உட்கார்ந்தால் ஷட்டர் திறந்துவிடும் என்பதும் தெரிந்தது. பம்ப் சாமான் வந்திருந்தால் வாங்கிக் கொடுத்தனுப்புகிறேன் என்று மட்டும் சொன்னார். டாக்டரம்மா வந்ததும் மாஸ்டர் பையை இறக்கிக் கொடுத்தார். அதன் ஜிப் பாதி திறந்திருந்தது. அதைத் தொடவில்லை.

பாதி வழியில் டாக்டரம்மா மோட்டாரின் வேகத்தைக் குறைத்தார். அக்காவுக்குப் பகீரென்றது.

“ஒண்ணு கேட்கட்டுமா? தப்பா நினைக்காதே.” டாக்டரம்மா தன் படகை ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார். “கேட்டதும் உங்க வீட்டுக்காரர் விட்டுட்டாரா?”

“நான் கேட்கலை. சொன்னேன்.”

டாக்டரம்மா தலையை ஆட்டினார். டாக்டர் படகில் காலையும் மாலையும் பாட்டுக் கேட்கும், ஜோடியாக மேல்தளத்தில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கு இந்த வாழ்க்கை ஒட்டிவிட்டது, எனக்குத்தான் கொடுத்துவைக்கவில்லை என்று அக்கா பலமுறை நினைத்ததுண்டு. “எனக்கு முடியெல்லாம் வெட்டத் தெரியாது,” என்றார் டாக்டரம்மா. “கணக்கு வழக்கு பார்ப்பேன். யாராவது கேட்டா சொல்லு.” அப்புறம்தான் வேகத்தைக் கூட்டினார்.

ஷட்டர் ஏறியிருந்தது. வாசலில் ஓர் இளம்பெண் நின்றிருந்தாள். அவள்தான் அந்த இன்னொருத்தியா, வாடிக்கைக்காரியா என்று தெரியவில்லை. அக்கா அவளைத் தாண்டி உள்ளே போனார். கடைக்காரம்மா துண்டு மடித்துக்கொண்டிருந்தார். “படகு எப்போ கிளம்புது?” என்பதுதான் முதல் கேள்வி.

“சாமான் வந்ததும் கிளம்பும். நான் கிளம்பலை.”

கடைக்காரம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு முறை பார்த்துவிட்டு, வாசல் பக்கம் கையைக் காட்டினார். அந்தப் பெண் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். நுனி மட்டும் வெட்டினால் போதும் என்றாள். அக்கா கத்தரியை எடுத்தார். எடுத்தவர் சட்டென்று நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். படகுக்குப் பழகிய காலுக்கு, சிமெண்டுத் தரை மெல்ல உயர்ந்து மெல்ல இறங்கியது.

“என்னக்கா, தலை சுத்துதா?”

“தலை நல்லாத்தான் இருக்கு. தரைதான் ஆடுது,” என்றார் அக்கா. “நீ ஆடாம இரு, போதும்.”