மேகலாவுக்கு ஒரு மானிட்டர்

வலங்கைமான் கடைத்தெருவில் பயிர்க் காப்பீடு, பட்டா மாறுதல் எல்லாம் கம்ப்யூட்டரில் பதிந்து தருகிற மேகலா நேராக உட்கார்ந்து பதினொரு வருஷமாக யாரும் பார்த்ததில்லை. கழுத்து எப்போதும் இடப்பக்கம் திரும்பியே இருக்கும். நான் அவள் புருஷன் குணசேகரன். அதே கடையில் ஜெராக்ஸ் எடுப்பவன். எனக்கே அது உறைக்கவில்லை என்றால் என்னை என்னவென்று சொல்வது!

கடை திறந்த வருஷம், கண்ணுசாமி என்ற விவசாயியின் சர்வே நம்பரில் ஓர் இலக்கத்தை மாற்றி அடித்துவிட்டாள். மூழ்கிய சம்பாவுக்கு அவருக்கு இழப்பீடு வரவில்லை. மனுஷர் ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் இவளை அறுத்தது. மறுநாளே மானிட்டரைத் தன் இடப்பக்க ஓரத்துக்கு நகர்த்தி, வருகிறவர்களும் பார்க்கும்படி திருப்பச் சொன்னாள். கவுண்டருக்கு மேலே தெரிய வேண்டும் என்று நான்தான் மரப்பெட்டி வைத்து, அதன்மேல் ஏற்றி, திருகாணி போட்டு முடுக்கினேன். "நம்பரை வாய்விட்டுப் படிங்கய்யா" என்பாள். அவர்கள் படித்த பிறகுதான் பட்டனை அழுத்துவாள்.

இந்த ஐப்பசியில் அவளுக்கு இடது கை மரத்துப்போனது. தஞ்சாவூர் டாக்டர் கழுத்தை அழுத்திப் பார்த்தார். "இப்படியே உக்காந்தீங்கன்னா அடுத்த வருஷம் டைப் அடிக்கிறதையே விட்டுடணும்" என்றார். மேகலா அழவில்லை. நான்தான் அழுதேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று என்னைப் பார்த்துத்தான் சொல்லியிருப்பார்கள்.

அங்கிருந்து நேரே கம்ப்யூட்டர் கடைக்குப் போனோம். கடைக்காரர் ஷஹ்பாஸ் பொறுமைசாலி. திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்தில், ஒரு கை தூரத்தில் இருக்க வேண்டும் என்று சொல்லி, ஏற்றி இறக்கும் ஸ்டாண்டுகளைக் காட்டினார். இவளோ நாற்காலியில் உட்காரவே இல்லை. ஒவ்வொரு மானிட்டரையும் மேசைக்கு அந்தப் பக்கம் நின்று எட்டி எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, உக்காரப் போறது நீங்கதானே?"

"வர்றவங்களுக்கு நம்பர் தெரியுமான்னு பாக்கறேன் தம்பி."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "கழுத்து யாரோடது? ஊர்க்காரங்களோடதா?"

"ஒரு நம்பர் தப்பினா அவங்களுக்கு ஒரு வருஷமே போயிடுதுங்க" என்றாள் மெதுவாக.

ஷஹ்பாஸ்தான் வழி சொன்னார். "பழைய மானிட்டர் அவங்க பக்கமே இருக்கட்டும். புதுசு உங்களுக்கு நேரா. ரெண்டுலயும் ஒண்ணே தெரியும்க்கா."

மறுநாள் எங்கள் கடை வரிசையில் முதல் ஆளாகக் கண்ணுசாமி நின்றார். தன் பக்கத்துத் திரையைப் பார்த்து ஒவ்வோர் இலக்கமாகப் படித்தார். புதுத் திரை எதிரே பளிச்சென்று இருக்க, பழக்கதோஷத்தில் மேகலாவின் தலை மறுபடி இடப்பக்கம் போனது. நான் எழுந்து போய், அத்தனை பேருக்கு முன்னால் அவள் தாடையைப் பிடித்து நேராகத் திருப்பினேன். தாலி கட்டிய அன்றுகூட எனக்கு அவ்வளவு துணிச்சல் இருந்ததில்லை.

"விடுங்க, ஆளுங்க பாக்கறாங்க" என்றாள். ஆனால் கழுத்தைத் திருப்பவில்லை.