உணங்கட்டு: கொல்லயிலில் ஒரு கல்லறைக்கு மழைக்கோட்டு

கல்லறைக் கல்லுக்கு யாராவது மழைக்கோட்டு வாங்கிக்கொண்டு போவார்களா? நான் போனேன். போன ஐப்பசியில், மதுரையிலிருந்து கேரள எல்லையிலிருக்கும் கொல்லயிலுக்கு.

அங்கே என் மகளின் மாமியார் ஸ்டெல்லா தனியாக இருக்கிறார். மகளும் மருமகனும் துபாயில். ஸ்டெல்லாவின் வீட்டுக்காரர் இறந்து ஒரு வருடம். சபைக் கல்லறைத் தோட்டத்தில் அவருக்கு வைத்த வெள்ளைக் கல் ஒரே மழைக்காலத்தில் பாசி பிடித்துக் கறுத்துவிட்டது. ஸ்டெல்லா வாராவாரம் முட்டி போட்டுத் தேய்க்கிறார். பெயரின் எழுத்துகளும் தேய்கின்றன, முட்டியும் தேய்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை முதலாண்டு நினைவு ஜெபம்.

மதுரைக் கடையில் ஒரு டப்பா கொடுத்தார்கள். பூசினால் கல்லில் தண்ணீர் ஒட்டாதாம், மழையே அழுக்கை உருட்டிக்கொண்டு போய்விடுமாம். குளிக்கச் சோம்பும் என் வீட்டுக்காரருக்கும் பூசலாமா என்று கேட்டேன். கடைக்காரர் சிரிக்கவில்லை. "தப்பாப் பூசினா வெள்ளை பூத்துரும்மா, பெறகு எடுக்கவே முடியாது" என்றார். எப்படித் தப்பாகும் என்று கேட்காமல் வந்துவிட்டேன். டப்பாவில் எல்லாம் இங்கிலீஷ், நான் படித்தது ஐந்தாவது. படம் எடுத்து ஸ்டெல்லாவுக்கு அனுப்பியதோடு சரி.

இரவு புனலூர் ரயிலில் ஏறினால் விடியும்போது பாறசாலையில் இறங்கலாம். அந்த 'எடுக்கவே முடியாது' என்னைத் தூங்கவிடவில்லை. ஆட்டோவுக்கு நூற்றி இருபது கொடுத்தேன்.

"மழை வருமா தம்பி?"

"வந்தாலும் வரும் சேச்சி, வரேலன்னாலும் வரேல."

டிவியிலும் இதைத்தான் சொன்னார்கள்.

ஸ்டெல்லா காலையிலேயே கல்லைக் கழுவி வைத்திருந்தார். மழை வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று எனக்குப் பதற்றம். "அண்ணே, கோட்டு கொண்டாந்திருக்கேன்" என்று கல்லிடம் சொல்லிவிட்டு டப்பாவைத் திறக்கப் போனேன். ஸ்டெல்லா கையைப் பிடித்தார்.

"இப்பம் தொடண்டாம் மைனி. நல்லா உறங்கட்டு."

என் காதில் விழுந்தது இதுதான். ஆறாத துக்கத்தின் முன்னால் கோட்டு, கீட்டு என்று கேலி பேசியிருக்கிறேனே! மூடியை இறுக்கினேன்.

சாயங்காலம் நெய்யாற்றின்கரைப் பக்கம் வானம் கறுத்தது. ஸ்டெல்லா ஓடிப்போய்க் கல்லுக்கு மேல் தார்ப்பாய் கட்டினார். போர்வை போர்த்துகிறார் என்று நினைத்து நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

மறுநாள் உச்சி வெயில். தார்ப்பாயை எடுத்து, புறங்கையைக் கல்லில் வைத்துப் பார்த்தார்.

"ஆச்சு மைனி. டப்பாவ எடுங்கோ."

"உறங்குறவர எழுப்பலாமா மதினி?"

"எழுப்பவா? யார?"

"அண்ணனத்தான். உறங்கட்டும்னு நீங்கதானே சொன்னீங்க?"

ஸ்டெல்லா பக்கத்துக் கல்லறையிலேயே உட்கார்ந்து சிரித்தார். "எக்க மைனி! உணங்கட்டுன்னாக்கும் சொன்னேன். காயட்டுன்னு! ஈரக் கல்லுல பூசினா வெளுத்துப் போவும்னு மோன் துபாயில இருந்து நீங்க அனுப்பின படத்தப் பாத்து வாசிச்சுச் சொன்னான்."

மதுரையில் எதுவும் உணங்குவதில்லை, காய்வது மட்டும்தான். நேற்று அவர் கையைப் பிடித்திருக்காவிட்டால்?

மெல்லிசாகப் பூசிவிட்டு வானத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தோம். இந்த வேலையாகப் போகிறவர்கள் கேளுங்கள்: கழுவிய கல்லை ஒரு நாளாவது காயவிடுங்கள். முதலில் பின்பக்க மூலையில் பூசிப் பாருங்கள். தானே கழுவிக்கொள்ளும் என்றாலும் இலை, சருகை நாம்தான் பொறுக்க வேண்டும். சில வருடம் கழித்து மறுபடி பூச வேண்டியிருக்கும். தார்ப்பாய் கட்டாயம்.

இருட்டும் நேரத்தில்தான் மழை வந்தது. நான் கல்லருகே குனிந்தேன். துளிகள் கல்லில் பரவாமல் முத்து முத்தாகத் திரண்டு, தூசியைக் கூட்டிக்கொண்டு பெயரின் மேல் உருண்டு இறங்கின. வெள்ளை பூக்கவில்லை. ஒவ்வொரு எழுத்தும் தெரிந்தது. ஸ்டெல்லா முட்டி போடாமல் நின்றபடியே படித்தார்.

"இனி உறங்கட்டு" என்றார்.

"உணங்கட்டா?"

"இல்ல மைனி. நேத்து உங்க காதுல விழுந்ததுதான் இப்பம் சரியாக்கும்."