ஒரே சத்தத்தில் கேட்க ஒரு பொத்தான்

அமெரிக்காவின் டுலூத் நகரில் லோர்னா ஹேகன் கேட்டுச் சரிபார்க்காமல் எந்தப் பாடகரின் இசைத்தட்டும் வெளியே போவதில்லை. பதிவு செய்வது மற்றவர்கள் வேலை. கடைசியாக ஒரு முறை காதைத் தீட்டிக்கொண்டு கேட்டு, ஏற்ற இறக்கம் பார்த்து அனுப்புவது அவள் வேலை. இருபத்தாறு வருடமாக அந்தக் காதுதான் அவளுக்குச் சோறு போட்டது.

அவள் நம்பியிருந்த லிமிட்டர் மென்பொருளை கனடாவின் வின்னிபெக்கில் டோபியாஸ் என்பவர் தனியாளாக எழுதி விற்றுவந்தார். பாட்டின் சத்தம் ஓர் அளவைத் தாண்டாமல் தலையில் தட்டி வைப்பது அது. உச்சத்தைத் தட்டிவிட்டு மொத்தத்தையும் உயர்த்துவதால், தட்டத் தட்ட மெல்லிய குரலும் மேலேறி, பாட்டு முழுக்க ஓங்கி ஒலிக்கும். வம்பு அங்கேதான். சத்தம் கூடினாலே நன்றாக இருப்பதாக மனிதக் காது ஏமாந்துவிடும். இதில் அதிகம் விழுகிறவர்கள் பழம் தின்று கொட்டை போட்டவர்கள்தான். அவ்வளவு நம்பிக்கை தங்கள் காதின் மேல்.

லோர்னாவும் விழுந்தாள். அவள் சத்தத்தை ஏற்றி அனுப்பியது, நுரையீரல் நோயோடு பாடகர் எம்மெட் கிவெலா பாடிய கடைசித் தொகுப்பு. வெளிவரும் முன்பே அவர் இறந்துவிட்டார். அவர் மனைவி மார்லிஸ் கேட்டுவிட்டு, "வித்தியாசமா இருக்கு" என்றாள். பிடிக்கவில்லை என்பதை அந்த ஊரில் அதைவிடக் கடுமையாக யாரும் சொல்வதில்லை. லோர்னாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

அடுத்த வாரமே டோபியாஸுக்கு எழுதினாள். தட்டுவதற்கு முன்னும் பின்னும் மாற்றிக் கேட்கும்போது இரண்டையும் ஒரே சத்தத்தில் தர ஒரு பொத்தான் வேண்டும். மற்றவர்களின் மென்பொருளில் அது எப்போதோ வந்தாயிற்று. கையால் குறைத்தும் ஒப்பிடலாம் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. அன்று செய்யாததற்குக் காரணம் திமிர். பிறகும் செய்யாததற்குக் காரணம் பயம். எழுதிக்கொண்டே இருக்கும்வரை பழி மென்பொருளின் மேல் கிடந்தது.

மூன்று வருடத்தில் பதினொரு கடிதம் போயிற்று. போன மார்ச்சில் புதிய பதிப்போடு பதில் வந்தது. "எல்லாரும் இன்னும் சத்தமா ஆக்கித் தாங்கன்னுதான் கேக்கறாங்க. நீங்க ஒருத்தர்தான் இதைக் கேட்டீங்க."

எம்மெட்டின் கடைசிப் பாட்டைத் திறந்து பொத்தானை அழுத்தினாள். தட்டுவதற்கு முன் அவர் பாடியபடியே இருந்த பதிவில், கடைசி அடியில் குரல் தணிந்து, மூச்சு வாங்கி, யாரோ ஒருவரிடம் மட்டும் பேசுவதுபோல் இறங்கியது. அவள் செய்ததில் அதே அடி தெருவில் நின்று கூவுவதுபோல் கேட்டது. சந்தேகத்துக்கு இடமே இல்லை. லோர்னா மேசையில் தலை கவிழ்ந்து அழுதாள்.

இரண்டு நாளில் பாட்டைத் திருத்தி மார்லிஸ் வீட்டுக்கு எடுத்துப் போனாள். "நான்தான் கெடுத்துட்டேன், மார்லிஸ். மிஷின் மேல தப்பில்ல. மூணு வருஷமா இதைச் சொல்ல எனக்கு வாய் வரல."

மார்லிஸ் காபியை ஊற்றி வைத்தாள். "போட்டுக் காட்டு" என்றாள், அவ்வளவுதான்.

கடைசி அடி வந்தது. குரல் தணிந்தது. லோர்னா சத்தத்தைக் கூட்டக் கை நீட்டினாள். மார்லிஸ் அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினாள். நாற்காலியை ஒலிபெருக்கியின் அருகே இழுத்துப் போட்டுக்கொண்டு காதைச் சாய்த்தாள்.

"கடைசி மாசமெல்லாம் அவர் பேசறத இப்படிக் கிட்டப் போய்த்தான் கேப்பேன்" என்றாள். "பேசாத. அவர் இன்னும் முடிக்கல."